நானூறு மீட்டர்

ஜூன் 10, செவ்வாய்

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "சார், பஸ் திடீர்னு நின்னா நாங்கெல்லாம் முன்னால போய் விழறோம். பிரேக் போட்ட டிரைவர் மட்டும் ஏன் சார் விழறதில்ல?" நிலைமம் பாடம் நடந்துகொண்டிருந்தது. மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், நீ உட்காரு என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

நேற்று நாமக்கல் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அது மனதை விட்டுப் போகவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நேற்று காலை பத்தரை மணி. நாமக்கல்லில் காய்கறி வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவி வசந்தாமணி வழக்கம்போலப் பின்னால், சேலை கட்டியவர்கள் உட்காருவதுபோல இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அவள் கீழே விழுந்துவிட்டாள். உடனே நிறுத்தினேன். கடைகளுக்கு முட்டை போடும் சென்னியப்பன் அந்தப் பக்கமாக வந்தவர் உதவி செய்தார். நான் போய்ச் சேரும்போது அவளைச் சொசைட்டி பெஞ்சில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பின்தலையில் நான்கு தையல். ஹெல்மெட் எனக்கு மட்டும்தான் இருந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு சிறு கீறல்கூட எனக்கு ஏற்பட்டதில்லை.

ஜூன் 11, புதன்

ரசம் வைத்தேன். உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். அவள் சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டுப் பிசைந்துகொண்டாள்.

ஜூன் 14, சனி

தையலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். அவளுக்கென்று புது ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தேன். வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தெரியாத நாய் வழியில் படுத்திருந்தால் எப்படி நிற்போமோ, அப்படி நின்றாள்.

"நான் பஸ்ல வர்றேனுங்க. நீங்க வண்டில முன்னால போங்க" என்றாள்.

முன்னால் போக மனம் வரவில்லை. பதினான்கு கிலோமீட்டர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். கடைசி சீட்டில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, ஏதோ தவறவிட்டு வந்தவன் என்று நினைத்து, கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தப் பார்த்தார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

மாலையில் திருப்பூரில் இருக்கும் மகள் பிருந்தாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "கட்டுப் பிரிச்சதும் வந்தர்றன் சாமி. ஆமா, அங்கயேதான். அப்பா இருந்துக்குவாரு."

சில நாள் இடம் மாறி இருப்பது உடம்புக்கு நல்லதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

சென்னியப்பனுக்கு நன்றி சொல்லப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். பண்ணையில் முட்டை எடுத்து டீக்கடை, மெஸ் எல்லாவற்றுக்கும் வண்டியிலேயே கொண்டுபோய்ப் போடுகிறார். பின்னால் இருபத்தைந்து தட்டு, தட்டுக்கு முப்பது. எழுநூற்றைம்பது முட்டையோடு நம் ஊர்ச் சாலையில் போகிறார். ஒரு நாளைக்கு எத்தனை உடையும் என்று கேட்டேன். "ஒண்ணு ரெண்டுங்க. அதும் கோழி ஓட்டைக் கம்மியாப் போட்டிருந்தாத்தான்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு மட்டும் ரெண்டு தட்டு போயிருச்சுங்க" என்றார்.

ஏன் போயிற்று என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லும்படி கேட்டேன். தெரு முனைவரை போய் வந்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்றார். ஷாக் அப்சார்பரைப் பாருங்கள் என்றேன். அதுவும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "கோவிச்சுக்காட்டி ஒண்ணு பண்ணலாமுங்க சார். நீங்க எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே நான் ஓட்டறேன். பின்னால ஏறுங்க. அம்மா மாதிரி ஒருபக்கமா உக்காருங்க" என்றார்.

விளையாட்டாகத்தான் ஏறினேன். வேட்டியை இழுத்து மடியில் செருகிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

கிளட்சை விட்டதும் தலை பின்னால் போயிற்று. தலையை நிமிர்த்துவதற்குள் இரண்டாவது கியர். மறுபடி பின்னால் போயிற்று. மூன்றாவதில் கம்பியைத் தேடினேன், கிடைக்கவில்லை. எதிரே ஆடு வந்தது. பிரேக். என் தோள் அவர் முதுகில் போய் மோதியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் வண்டி கிளம்பிப் பல்லோடு பல் இடித்தது. வளைவில் சாலை எனக்குப் பின்பக்கமாக வந்தது. எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. எல்லாச் செய்தியும் எனக்குத் தாமதமாகவே வந்தது. அவருக்கோ தன் கை என்ன செய்யப்போகிறது என்று முதலிலேயே தெரியும். அவர் உடம்பு தயாராக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுதான்.

எட்டு நிமிடம் இருக்கும். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

இவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறேன் என்று கேட்டேன்.

"கொறைச்சுத்தானுங்க ஓட்டிக் காட்டினேன்" என்றார் சென்னியப்பன். "அஞ்சாறு வருசமா உங்க பின்னால வந்திருக்கேன் சார். அம்மா தலை ஆடறதைப் பாத்தே நீங்க எத்தனாவது கியர்ல போறீங்கன்னு சொல்லிருவேன்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயரையும் சொன்னார். குலுக்கல் சார். பாடம் நடத்தும்போது அறையைக் கலகலப்பாக வைத்திருப்பதால் வந்த பெயர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஆட்டுச்சந்தைத் திடல், காலை ஐந்தரை. சந்தை கூடாத நாளில் அங்கே யாரும் வருவதில்லை. சென்னியப்பன் தன் சுற்றைத் தொடங்குமுன், எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர அரைமணி நேரம் தருகிறார். பின்சீட்டில் ஒரு தட்டு முட்டையை ரப்பர் கயிறால் கட்டிவிட்டு, திடலை ஐந்து முறை சுற்றி வரச் சொன்னார்.

பத்தொன்பது உடைந்தன.

மஞ்சள் கரு சீட்டில் வழிந்து சைலன்ஸரில் விழுந்து வெந்தது. அந்த வாசனையை இனி என்னால் மறக்க முடியாது. அவர் சிரிக்கவில்லை. உடைந்தவற்றைத் தூக்குப்போசியில் வழித்து என்னிடமே கொடுத்தார்.

வீட்டில் முட்டைப் பொரியல். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நடைப்பயிற்சி என்று நானாகச் சொன்னேன்.

ஜூன் 21, சனி

பிரேக்கை 'மிதிக்காதீங்க, வைங்க' என்கிறார். முதலில் காலை வைப்பது, அப்புறம் அழுத்தம், நிற்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவது. கதவைச் சாத்துவதைப்போல என்று எனக்கு நானே உதாரணம் சொல்லிக்கொண்டேன். தொட்டில் பிள்ளை தூங்கும் வீட்டில் எப்படிச் சாத்துவோம்? கடைசி விரல்கடை தூரத்தை மட்டும் தனியாக, மெதுவாகச் சாத்துவோம். வண்டியை நிறுத்துவதும் அந்தக் கடைசி விரல்கடைதான்.

வேகத்தடைக்கும் பாடம் நடந்தது. கண்ணில் பட்டவுடனே ஆக்ஸிலேட்டரை விடத் தொடங்கிவிட வேண்டும். வேகத்தை எல்லாம் தரையிலேயே குறைத்துவிட்டு, சக்கரம் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளாக ஏறும்போதுதான் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறேன். பிரேக் பிடித்தால் முன்பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிவிடுகிறது. மூட்டை சுமந்து குனிந்து நிற்பவன் தலையில் இன்னொரு மூட்டையை வைத்தால் அவன் எப்படித் தாங்குவான்? பிறகு, இறங்கியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். அங்கேதான் பின்னால் இருப்பவர் பறப்பது.

அறிவியல் வாத்தியாருக்கு இது தெரியாதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று சுற்றிலும் பார்த்தேன். இரண்டு காகங்கள்தான் இருந்தன. தட்டிலிருந்து வழிந்ததற்காக வந்தவை.

பதினொன்று.

ஜூன் 23, திங்கள்

பதின்மூன்று. பின்னால் திரும்பித் திரும்பி முட்டையைப் பார்த்ததால் கூடிவிட்டது. முட்டையையும் பார்க்கக் கூடாது, சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையையும் பார்க்கக் கூடாது, திடலின் கடைசியில் இருக்கும் வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். தூரத்தில் பார்த்தால் கை அவசரப்படாது.

சாப்பிடும்போது வசந்தாமணி சொன்னாள்: "ஊரே கோழி வளக்குது. நம்ம வீட்டுல மட்டும் முட்டை மழையாப் பெய்யுதுங்க."

நடைப்பயிற்சி என்று அதன்பிறகு சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. அவளுக்கு ஒரு கையால் தலை பின்ன முடியாது. இன்று நான்தான் பின்னினேன். மூன்று கால் எடுத்துப் பின்னுவது பார்க்க எளிதாக இருக்கிறது. செய்தால் கயிறு திரித்ததுபோல வருகிறது. தையல் போட்ட இடத்தைச் சுற்றி முடி முள்முள்ளாக வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இத்தனை நாள் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். வண்டி தூக்கிப் போட்டபோது என் தோளைப் பிடித்திருக்கலாமே, ஏன் பிடிக்கவில்லை?

"நீங்கதானுங்க பிடிக்க வேண்டாம்னு சொன்னீங்க."

நானா, எப்போது என்றேன்.

"தொண்ணூத்தொண்ணுல. கல்யாணமாகி ரெண்டாவது வாரம். உங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனோம். பசங்க பாப்பாங்க, வாத்தியாரு தோள்ல பொண்டாட்டி கை போட்டுட்டு வர்றான்னு சிரிப்பாங்க, கையை எடுன்னீங்க. எடுத்துட்டேன்."

அது அந்த ஒரு நாளைக்குச் சொன்னது என்றேன். ஓய்வு பெற்றே ஆறு ஆண்டு ஆயிற்றே என்றேன்.

அவள் திரும்பவில்லை. பின்னல் என் கையில் இருந்தது. "அப்புறம் வைன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

சொன்ன நினைவு எனக்கு இல்லை. அன்று நான் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூட அவள் சொல்கிறாள்.

ரிப்பனைக் கட்டிவிட்டு, பால் வாங்கப் போனேன். பால் ஏற்கெனவே வாங்கியிருந்தது.

ஜூன் 25, புதன்

பத்தாம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும். முப்பத்துநான்கு ஆண்டு மற்றவர்கள் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். இன்று என் நோட்டிலேயே 'உடனே' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டேன். அது பொய்.

இன்று காலை பால் சொசைட்டியிலிருந்து வண்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே மேல்நிலைத் தொட்டி வரை போனேன். நானூறு மீட்டர். அவள் விழுந்தபின் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். பின்சீட்டின் பாரம் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே போனேன். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போட வேண்டியதன் அவசியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். இரவில் வருபவனுக்கு எப்படித் தெரியும் என்று உதாரணத்தோடு விளக்கினேன். நடுவில், நான் சொல்வது சரிதானே என்று கேட்டதும் நினைவிருக்கிறது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

தொட்டி அருகே சென்னியப்பன் என்னைத் தாண்டி வந்து வண்டியைக் குறுக்கே போட்டார். அவர் தட்டுகளிலிருந்து முட்டை ஒழுகிக்கொண்டிருந்தது. "சார், அம்மா அங்க கெடக்கறாங்க" என்றார்.

யார் அம்மா என்று நான் கேட்டேன்.

இதை அவரும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகுதான் திரும்பி சீட்டைப் பார்த்தேன். காய்கறிப் பை மட்டும் கம்பியில் மாட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது.

ஜூன் 26, வியாழன்

நானூறு மீட்டர் என்று அவளிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "கெடந்த இடத்துல இருந்து உங்க முதுகு தெரிஞ்சுது. கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டே போனீங்க."

ஜூலை 2, புதன்

நான்கு.

ஜூலை 5, சனி

இரண்டு. மழை தூறியது. ஈர மண்ணில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக வைத்து, நடக்கும் ஆளைவிட மெதுவாக எட்டு போட்டேன். வேகமாகப் போக யாராலும் முடியும், மெதுவாகப் போகத்தான் வித்தை வேண்டும் என்கிறார் சென்னியப்பன்.

வீட்டில் ஒட்டடை அடித்தேன். அடுப்பு பர்னரைக் கழற்றிக் கழுவினேன். திரும்பப் பொருத்தத் தெரியவில்லை. அவள் வந்து ஒரு கையால் பொருத்தினாள்.

ஜூலை 12, சனி

ஒன்று. சாலையில், பால் சொசைட்டி வேகத்தடை உட்பட ஆறு வேகத்தடைகள். அந்த ஒன்றும் கோழியின் குற்றம் என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் மகிழ்ச்சியடைந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது வந்தது இருபத்து மூன்று நாளில். யாராவது சொல்லியிருந்தால் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும். இல்லை, இதுவும் தவறு. நான் கேட்டிருந்தால் என்று எழுத வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தோம். நானும் அவளோடு பஸ்ஸிலேயே போனேன். மணிக்கட்டு இளைத்து, வேறு யாருடைய கையோபோல இருக்கிறது. மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்கு வாங்கச் சொன்னாள். திருப்பூரில் கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

சாமான் கட்டுகிறாள். பெரிய பையை எடுத்திருக்கிறாள். தையல் பெட்டியும் உள்ளே போய்விட்டது.

எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஆறே முக்கால் டவுன் பஸ்ஸுக்கு அவள் கிளம்பி நின்றாள். பையை நான் தூக்கிக்கொண்டேன். வாசலில் வண்டியைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"ஒன்றரை மாசமா முட்டை தின்னு நாக்கு செத்துப் போச்சுங்க. அப்படி என்னத்தத்தான் கத்துக்கிட்டீங்கன்னு பாத்தர்றேன், எடுங்க வண்டிய."

ஹெல்மெட் வாரை நானே மாட்டிவிட்டேன். பையை முன்னால் டேங்கின்மேல் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தேன். இதற்குமுன் அப்படிக் காத்திருந்த நினைவு இல்லை. "ம்" என்றாள். பின்கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் எவ்வளவோ தெரிகிறது. அவள் இடம் மாறி உட்கார்ந்தால் சீட்டு சொல்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதுகூடத் தெரிகிறது. பால் சொசைட்டி வந்தபோது மூச்சைப் பிடித்தாள். தூரத்திலேயே கையை விட்டேன், வேகம் கரைந்தது, பிரேக்கையும் விட்டேன், முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. கொஞ்ச தூரம் போனபின் அவள் மூச்சை விட்டாள்.

பாதி வழியில் அவளாகப் பேசினாள். "இந்த மஞ்சக் கல்யாண மண்டபம் எப்பக் கட்டுனாங்க?"

எனக்குப் புரியவில்லை. அதைக் கட்டிப் பதினெட்டு ஆண்டு ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைத் தாண்டித்தான் நாமக்கல் போய் வருகிறோம். பதினெட்டு வருசமாச்சே, நீ பார்த்ததே இல்லையா என்று கேட்டேன்.

"பஸ்ல போனா அந்தப் பக்கத்துச் சன்னலோரம் உக்காருவேன். வண்டில கண்ண மூடிக்கிட்டுத்தானுங்க வருவேன்."

"எப்பவிருந்து?"

"எப்பவுமேதான்."

எனக்குள் எல்லாம் ஒருமுறை சரிந்தது. முன்பென்றால் அந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்திருப்பேன். கை ஆக்ஸிலேட்டரில் இருந்தது. அது அசையவில்லை. வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது, நாற்பதிலேயே போயிற்று. எனக்குள் நடந்தது எதுவும் பின்சீட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அது யார் தோப்பு, இந்த வளைவு எந்தக் கோயிலுக்கு, அந்தக் குளத்தில் எப்போது தாமரை வந்தது. பெயரை மட்டும் சொன்னேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் கண்ணில் நீர் வந்து கண்ணாடி மங்கியது. ஓரமாக, மெதுவாக, அவளுக்குத் தெரியும்படி முதலில் சொல்லிவிட்டு நிறுத்தினேன். துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். தூசியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

திருப்பூர் பஸ் தயாராக நின்றது. சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துப் பையை மேலே வைத்தேன். இறங்கி அவள் சன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கேட்கவும் இல்லை.

பஸ் நகரும்போது அவள் குனிந்து சொன்னாள்: "அடுத்த புதன்கிழம வந்துருவேனுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. வண்டியா, டவுன் பஸ்ஸான்னு அன்னைக்குச் சொல்றேன்."

பஸ் போனபின்பும் அங்கேயே நின்றேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னார்.

இந்த நோட்டு யார் கையில் கிடைக்குமோ தெரியாது. வண்டி ஓட்டுபவர் யாராவது படித்தால் அவருக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாளைக் காலை உங்கள் வண்டிச் சாவியை உங்கள் ஓட்டம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, நீங்கள் ஓட்டுவதுபோலவே ஒரு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.